கேசவன் என்கிற பேட்ரிக்கின் விரதம்

கீழே வருவது முழுக்க நிஜம். இதில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் எனக்கு மிச்சமிருக்கும் சொந்தப் பற்களும் இன்றைக்கே உதிரட்டும். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் தயார். கற்பூரம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய மாடி வீடு. கீழே கஸ்தூரிரங்கனும் அவர் மனைவி அம்புஜமும். அவர் மாநில அரசின் பாசன இலாகாவில் கோப்புகளுக்கு நீர் பாய்ச்சி ஓய்வு பெற்றவர். மாடியில் மௌரீன். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருப்பவள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மாடிப்படி, ஒரு பூனை.

செவலை நிற ஆண் பூனை. அதன் நெற்றியில் வெள்ளை ரோமம் அச்சு அசலாக நாமம் போல இறங்கியிருக்கும். நாமத்தின் அடியில் பாதம் வைத்தாற்போல ஒரு சின்னப் புள்ளியும் உண்டு. பாதம் இருந்தால் அது தென்கலை, கஸ்தூரிரங்கனோ வடகலை. அந்தப் புள்ளி அழுக்கு என்று அவர் தீர்மானித்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. பிடிவாதமான அழுக்கு என்று விட்டுவிட்டு, கேசவன் என்று பெயர் வைத்தார். மாடியில் மௌரீன் அதே நெற்றியைப் பார்த்தாள். அவளுக்குச் சிலுவை தெரிந்தது. பேட்ரிக் என்று பெயர் வைத்தாள். பூனை பெரிய மனதுடன் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். கீழே தமிழில் கத்தும், மாடியில் ஆங்கிலத்தில். கன்னடம், தண்ணீர் லாரிக்காரரிடம் மட்டும்.

வயதானால் பொறாமை தணியும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கஸ்தூரிரங்கனுக்கு அது சர்க்கரை வியாதி போல ஓய்வு பெற்ற பிறகுதான் தலைகாட்டியது. ஆபீசில் அவருக்குக் கீழே இருந்தவன் அவரைத் தாண்டி மேலே போனபோதுகூட அவர் கலங்கியதில்லை. பூனை மாடிப்படி ஏறினால் மட்டும் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் யாரோ குமுட்டி அடுப்பை விசிறினாற்போல இருக்கும். ஒருநாள் அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அம்புஜம் மறதியாக அப்பளத்தை வைத்துவிட்டாள். அது அங்கேயே சுட்ட அப்பளமாகிவிட்டது. ஒரு ஓரம் லேசாகக் கருகியும் போயிற்று.

மத்தியானம் பூனை மாடிக்குப் போனதும் அவர் ஸ்டூல் போட்டு ஏறுவார். எவர்சில்வர் டம்ளரை உத்தரத்தில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்துக் கேட்பார்.

"என்னன்னா கேக்கறது?" என்பாள் அம்புஜம், கீரை ஆய்ந்தபடி.

"சாப்படறான்."

"அது அவ்ளோ தெளிவா கேக்கறதாக்கும்."

"முள்ளைத் தனியா எடுத்து வெக்கறதுகூட கேக்கறதுடி."

"விழுந்து இடுப்ப ஒடச்சிண்டேள்னா மௌரீன்தான் வந்து தூக்கணும். நான் தூக்கமாட்டேன். அத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்கோ."

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. பூனை எப்போது படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள அவர் அதன் கழுத்தில் ஒரு மணி கட்டினார். மறுநாள் மணிக்குப் பக்கத்தில் மாதா பதக்கம் தொங்கியது. அவர் துளசி மணி சேர்த்தார். அவள் ஒரு ரோஜா நிற ரிப்பன் சேர்த்தாள். கடைசியில் பூனை நடந்தால் தேர் புறப்பட்டாற்போலச் சத்தம் வர, தெருவில் இரண்டொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதன் பேரில் படிக்கட்டில் நின்று நடந்த வாக்குவாதத்தில் எல்லாம் கழற்றப்பட்டன. அத்துடன் பேச்சும் போயிற்று.

பங்குனி வெயில் ஏறிய சமயத்தில்தான் பூனையின் நடத்தை மாறியது.

முதலில் ஒளிய ஆரம்பித்தான். பேப்பர் பிரிக்கும் சத்தம் கேட்டதும் மடியில் வந்து உட்காருகிறவன், கிரைண்டருக்குப் பின்னால் இடுக்கில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கிருந்து இழுத்தால் குளியலறை ஈரத்தரைக்குப் போனான். கஸ்தூரிரங்கன் குனிந்து பார்த்தார். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"குத்தமுள்ள நெஞ்சு," என்றார். "நம்ம மூஞ்சில முழிக்க வெக்கப்படறான்."

"ஒடம்புக்கு ஏதாவது இருக்கப்போறதுன்னா."

"ஒடம்புக்கென்ன? மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடுன்னு ராஜா மாதிரி இருக்கான்."

வாசலில் செடி வைக்கத் தொட்டியில் மண் கொட்டி வைத்திருந்தார்கள். கேசவன் அதில் போய் உட்காருவான், கொஞ்ச நேரம் முக்குவான், எழுந்து வருவான். வந்த வழியே திரும்பிப் போய் மறுபடியும் உட்காருவான். சில சமயம் உட்கார்ந்தபடி அடித்தொண்டையில் நீளமாக ஒரு குரல் கொடுப்பான். அந்தக் குரல் மாடியை நோக்கிக் கூப்பிடும் குரலாகவே கஸ்தூரிரங்கன் காதில் விழுந்தது. ஏக்கம். கீழ்வீட்டுத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு மேல்வீட்டை நினைக்கிற துரோகம். அடிக்கடி மண்ணுக்குப் போவதற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது: அவள் திணிக்கிற தீனியை எந்த வயிறு தாங்கும்?

உட்காராத நேரத்தில் வயிற்றுக்குக் கீழே ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, மீன் வாசனைய அலம்பிண்டு உள்ள வரான்."

"மீன அங்கயா பூசிண்டு வருவான்?" என்றாள் அம்புஜம்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். வலித்தது வேறு ஒன்று. சமாதானம் செய்யலாம் என்று அடிவயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோனார், கேசவன் உறுமினான். இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து உறுமியதில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவ சொல்லிக்குடுத்திருக்கா," என்றார் மெதுவாக.

இந்த நிலைமையில் ஏகாதசி வந்தது. அன்று கஸ்தூரிரங்கன் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டார். பூனைக்கு மட்டும் வழக்கம்போல் கிண்ணத்தில் பால் வைத்தாள் அம்புஜம். கேசவன் கிண்ணத்தை முகர்ந்தான், பின்வாங்கினான், போய்ப் படுத்துவிட்டான். மத்தியானமும் அப்படியே. சாயங்காலமும் அப்படியே.

கஸ்தூரிரங்கனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஜன்னலோரம் போய், மாடிக்கு எட்டும்படி குரலை ஏற்றிச் சொன்னார்: "அம்புஜம், நம்ம கேசவன் இன்னிக்கு உபவாசம். சுத்த உபவாசம்." மல்லேஸ்வரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி அனந்தபத்மநாபனுக்குப் போன் செய்து சொன்னார். அவன் நம்பவில்லை. உன் வீட்டில் மனுஷர்களே உபவாசம் இருப்பதில்லையே, உனக்கெப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரிரங்கன் போனை வைத்துவிட்டார். யாருடைய பூனை என்கிற வழக்கு அவர் மனதில் அன்றோடு தீர்ந்தது. தீர்ப்பு சொன்னவர் பெருமாள். மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் துவாதசி. விடிந்ததும் குளித்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகப் பாரணைக்கு உட்கார்ந்தார். விரதம் இருந்தவனுக்கு விரதம் முடிக்கவும் உரிமை உண்டல்லவா? பக்கத்தில் ஒரு நறுக்கு இலை போட்டு, தயிர்சாதத்தை நன்றாகப் பிசைந்து வைத்து, "வாடா கேசவா" என்றார்.

கேசவன் எழுந்திருக்கவில்லை. கிரைண்டருக்குப் பின்னால் கால்களை மடக்கிக் குறுகிக் கிடந்தான்.

துவாதசியன்று சாப்பிடாத விரதம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அப்படியானால் முன்பே சாப்பிட்டிருக்கிறான். எங்கே? கஸ்தூரிரங்கன் கையைக் கழுவிவிட்டு ஸ்டூலில் ஏறினார். டம்ளரில் தெளிவாகக் கேட்டது: கறுக் முறுக், கறுக் முறுக். பூனை இங்கே படுத்திருக்கிறது, சத்தம் அங்கே வருகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பொறாமைக்காரன் காது கணக்குப் பார்க்காது. பெருமாளுக்கு இருந்த விரதத்தை மாடியில் போய் மீன் தின்று முடித்துவிட்டான் என்ற ஒரே எண்ணம். குமுட்டி அடுப்பு கொல்லன் உலையாகிவிட்டது.

இனிமேல் செய்ததை அவர் வம்சத்தில் யாரும் செய்ததில்லை. வெயில் கொளுத்துகிற நேரத்தில் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, சிவாஜிநகர் மீன் மார்க்கெட்டுக்குப் போனார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கடை முன்னால் நின்றார். என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

"பூனைக்குப் பிடிச்சதா ஒண்ணு குடுப்பா."

கடைக்காரர் குல்லாயையும் நெற்றியையும் பார்த்தார். "எந்தப் பூனைக்கு, சாமி?"

"காக்ஸ் டவுன் பூனை. செவலை."

"அரே, பேட்ரிக்கா? மொதல்லயே சொல்லப்படாதா. அவனுக்கு சங்கரா. தலைய வெட்டிறணும், தலை பிடிக்காது அவனுக்கு. மேடம் சொல்லிருக்காங்க."

மீன் மார்க்கெட்டுக்கே தெரிந்திருக்கிறது, தலை பிடிக்காது என்று. தனக்குத் தெரியவில்லை. கஸ்தூரிரங்கன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது அவரைச் சுற்றி பஸ்ஸில் காலியிடம் உண்டாயிற்று. சிவாஜிநகர்ப் பூனைகள் சில அவரோடு ஏறிவிட்டன. கண்டக்டர் நியாயமான மனுஷர். பெண் பூனைகளை விட்டுவிட்டு மற்றவற்றிடம் மட்டும் டிக்கெட் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் பழைய பேப்பரை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். அம்புஜம் வந்து நின்றாள்.

"ஏன்னா, என்ன இது?"

"மருந்து."

"யாருக்கு?"

அவர் கேசவனைத் துண்டோடு தூக்கி வந்து பேப்பர் முன்னால் விட்டார். மதில் மேல் வரிசையாகத் தெருப்பூனைகள் வந்து உட்கார்ந்து எச்சில் விழுங்கின. கேசவன் மட்டும் தலையைத் தூக்கவில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு ஜவ்வு பாதிக் கண்ணை மூடியிருந்தது. ஒரு தரம் வாயைத் திறந்தான்; சத்தம் வரவில்லை.

சங்கராவையே வேண்டாம் என்கிறானே, தொண்டை வரைக்கும் அல்லவா அவள் அடைத்திருக்கிறாள் என்று எண்ணியபடி கஸ்தூரிரங்கன் பொட்டலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு மாடிப்படி ஏறினார். கதவைத் தட்டினார்.

மௌரீன் திறந்தாள். குல்லாயைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள்.

"மிஸ்டர் ரங்கன்? என்ன, யாராச்சும் போயிட்டாங்களா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மௌரீன் அம்மா. அவனுக்கு அப்படி என்னதான் போடறேள்? பாரணைச் சாதத்தத் தொடமாட்டேங்கறான். என்ன வசியம் அது?"

"நான் போடறதா? என் மீன அவன் திரும்பிக்கூட பாக்கல. அதோ பாருங்க, பிளேட்டு. நேத்துது, இன்னிக்குது எல்லாம் அப்படியே கெடக்குது." அவள் குரலில் பெருமை இருந்தது. "தவக்காலம் இல்லையா. பேட்ரிக் லென்ட் இருக்கான். சர்ச்ல ஃபாதர்கிட்டகூட சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"தவக்காலமா? அது ஏகாதசிம்மா. ஏகாதசி உபவாசம். எங்காத்துல பொட்டுப் பால் தொடல."

"அதெப்படி? வருஷா வருஷம் சாம்பல் புதன் அன்னிக்கு அவன் நெத்தில நான்தான் சாம்பல் வெக்கறேன்."

"அந்தப் புள்ளி நீங்க வெச்சதா? நான் எத்தன நாள் தொடச்சேன்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கண் தட்டுகளின் மேல் நின்றது. மீன் துண்டுகள் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தன. ஒன்றில்கூட பல் பட்டிருக்கவில்லை.

"அப்ப நேத்து இங்க சாப்படலயா?"

"இல்ல. கீழ?"

"இல்ல."

"இன்னிக்கு?"

"இல்ல. காலைல சத்தம் கேட்டுதே. கறுக் முறுக்குன்னு."

"அது நான் ரஸ்க் தின்னுட்டிருந்தேன்," என்றாள் மௌரீன். அந்தச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாடியில் சாப்பிட்டிருப்பான் என்று இவர். கீழே சாப்பிட்டிருப்பான் என்று அவள். அதுவும் போதாமல் ஆளுக்கொரு விரதத்தை அதன் தலையில் கட்டி, பட்டினி கிடந்த ஜீவனைப் பார்த்து ஆனந்தப்பட்டிருக்கிறார்கள். பொட்டலம் எங்கே விழுந்தது என்றே அவருக்குத் தெரியாது. மதில் மேலிருந்தவர்களுக்குத் தெரியும்.

கீழே அம்புஜம் பூனையைத் தன் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"சமயச் சண்டை முடிஞ்சாச்சா? ஏறுங்கோ ரெண்டு பேரும்."

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. டாக்டர் சஹானா சின்ன வயசுக்காரி. கன்னடம் கலந்த தமிழ். பூனையை மேஜையில் கிடத்தி அடிவயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"யாரோட பூனை?"

"என்னோடது," என்றார்கள் இருவரும்.

"பேர்?"

"கேசவன்." "பேட்ரிக்."

"இர்லி, ரெண்டும் இருக்கட்டும். யூரின் எப்ப போச்சு?"

"நிறைய தடவை போனான், டாக்டர்," என்றார் கஸ்தூரிரங்கன் முந்திக்கொண்டு. "ஓயாம மண்ணுக்குப் போயிண்டே இருந்தான்."

"போய் உக்காந்தான். சரி. வந்துச்சா?"

தொட்டி மண் அவர் கண்முன் வந்தது. வெயிலில் பாளமாகக் காய்ந்து கிடந்த மண்.

"பாக்கல," என்றார்.

"ஆண் பூனைக்கு யூரின் போற பைப் ரொம்ப சின்னது, அங்கிள். அடைச்சுக்கிச்சுன்னா வெளிய வராது. வயித்துல பாருங்க, சாத்துக்குடி மாதிரி கல்லா நிக்குது. ஒளிஞ்சுக்கறது, மண்ணுல போய்ப் போய் முக்கறது, அங்கயே நக்கறது, கத்தறது, தொட்டா உறுமறது எல்லாம் வலி. சாப்பாட்ட நிறுத்திட்டான்னா விஷம் ரத்தத்துல ஏறிட்டிருக்குன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவும் கேரன்ட்டி குடுக்கமாட்டேன்."

வெட்கம், ஏக்கம், துரோகம், வசியம் என்று அவர் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருந்ததற்கெல்லாம் அவள் ஒரே பெயர் சொல்லிவிட்டாள். பூனை அவருக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் இருந்தது. அவர் மாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் செருகி அடைப்பை எடுக்கப் பூனையை உள்ளே கொண்டுபோனாள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மௌரீன் ஜெபமாலையை உருட்டினாள். கஸ்தூரிரங்கன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்: பெருமாளே, பிழைத்தால் போதும், அவன் மாடிக்காரியின் பூனையாகவே இருக்கட்டும், நான் கேட்கவில்லை. உமக்கு வேண்டுமானால் அந்தப் புள்ளியும் பாதமாகவே இருக்கட்டும். கண்ணோரம் நனைந்தது. அம்புஜம் குல்லாயைக் கழற்றி, அதன் நுனியாலேயே துடைத்துவிட்டாள்.

டாக்டர் எட்டிப் பார்த்து, "அடைப்பு போயாச்சு. பொழச்சுக்குவான். நாலு நாள் இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

அடுத்த நிமிடமே கஸ்தூரிரங்கனுக்கு ஒரு சட்டச் சிக்கல் தோன்றியது. மறுபடியும் குளிக்காமல், அதுவும் மீன் தொட்ட கையோடு, மிருக ஆஸ்பத்திரியில் செய்த வேண்டுதல் செல்லுமா? செல்லாது என்றே அவர் ஆழ்ந்து யோசித்து முடிவு செய்தார்.

உள்ளே போனார்கள். பூனை மயக்கம் தெளிந்து, கழுத்தில் வட்டமான பிளாஸ்டிக் பட்டை கட்டிப் படுத்திருந்தது. "கேசவா," என்றார் இவர். "பேட்ரிக்," என்றாள் அவள். பூனை இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்தது. பிறகு தவழ்ந்து நகர்ந்து, டாக்டர் சஹானாவின் உள்ளங்கையில் தாடையை வைத்து, கண்ணை மூடி, குறட்டை போலக் குர்ர் குர்ர் என்று சுகமாகச் சத்தம் போட ஆரம்பித்தது. அவர்கள் இருவரிடமும் அப்படி ஒரு சத்தம் அது போட்டதே இல்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது கஸ்தூரிரங்கன்தான் முதலில் பேசினார்.

"அந்தப் பொண்ணு ஊசில எதையோ கலந்திருக்கா."

"எனக்கும் அதே டவுட்டு, மிஸ்டர் ரங்கன். கைல ஏதோ தடவியிருந்தா. நான் பாத்தேன்."

"பாத்தேளா? நானும் பாத்தேன்."

"பகவானே," என்றாள் அம்புஜம்.

பூனை வீட்டுக்கு வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், டாக்டர் சொன்ன தீனியைத்தான் தின்ன வேண்டும், மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் காலையில் மாடிப்படியின் மேலும் கீழும் நின்று இரண்டு கிழங்கள் தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொள்கின்றன.

"போனானா?"

"போனான். இங்கதான் நிறைய போனான்."

"அது மேல குடிச்ச தண்ணி, மிஸ்டர் ரங்கன். இறங்கி வந்து போயிருக்கான்."

கஸ்தூரிரங்கனுக்கு அதைக் கேட்டால் குமுட்டி அடுப்பு லேசாகக் கனல்கிறது. ஆனாலும் கேட்காமல் அவர் காப்பி குடிப்பதில்லை.

இன்னொரு தகவல்: மௌரீன் இதெல்லாம் நடந்த அந்த வருடம் தை மாதமே பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், தீபாவளி கழித்துத்தான் திரும்பினாள், அதுவரை மாடி பூட்டியே கிடந்தது. கற்பூரம் இன்னும் யாரும் வாங்கி வரவில்லை.